பண்ணையாரே, திண்ணைக்கு வாங்க

வாங்க பண்ணையாரே, வாங்க. செருப்பை அங்கிட்டுக் கழட்டிப் போட்டுட்டு உக்காருங்க. விசிட்டிங் கார்டெல்லாம் அடிச்சாச்சாம்ல? உங்கம்மா காட்டுனா. 'துவாக்குடி நாட்டுக்கோழிப் பண்ணை'ன்னு பெருசா எழுதி, கீழ உன் பேரு, பேருக்குப் பின்னாடி இஞ்சினியர் பட்டம், ஓரத்துல நெஞ்சை நிமித்திக்கிட்டு ஒரு சேவல். 100 கார்டு. கோழி எத்தனைடா ராசான்னு கேட்டா 11 உருப்படிங்கிற. ஒரு கோழிக்கு 9 கார்டு விழுது. வாயில ஒண்ணு ஒண்ணு குடுத்து அனுப்பிவிடு, அதுகளே அண்ணா வளைவுல நின்னு வாடிக்கை பிடிச்சிட்டு வந்துரும்.

கோவிச்சுக்காத சாமி. சேவல் படம் போட்டது தப்பில்ல. நம்ம உறையூருக்கே பழைய பேரு கோழியூருதானே. சோழ ராசா யானை மேல வந்தப்ப ஒரு சேவல் பாஞ்சு யானையைக் கொத்தி விரட்டிருச்சாம். இந்த மண்ணுக்கு இம்புட்டு ரோசமான்னு ராசா அங்கயே தலைநகரத்தைக் கட்டிட்டானாம். பஞ்சவர்ணசாமி கோயிலுக்குத் தேவாரத்துல மூக்கீச்சரம்னு பேரு வந்ததே அந்தச் சேவலோட மூக்காலதான்னு அங்க சொல்லுவாங்க. அப்பேர்ப்பட்ட ஊருக்காரன் நீ, கோழிக் கொட்டாய்க்கு 4 கேமரா வச்சிருக்க. கீரிப்புள்ள கோழியைக் கவ்விட்டுப் போனது எம்புட்டுத் தெளிவா விழுந்திருக்கு! அதோட மீசை கூடத் தெரியுது. வர்றவன் போறவனுக்கெல்லாம் போனைக் காட்டிக்கிட்டு நிக்கிறியே, அது எந்த வழியா உள்ள வந்துச்சுன்னு குனிஞ்சு பாத்தியா? வலையைத் தரையோட நிறுத்திட்ட. கீரிக்கும் பெருச்சாளிக்கும் மண்ணுதான் கதவு. ஒரு முழம் பள்ளம் பறிச்சு வலையை உள்ள இறக்கி, மேல கருங்கல்லைப் போட்டு மூடு. கேமராவைக் கழட்டி வித்தியின்னா கல்லு வாங்குற காசு வந்துரும்.

கொட்டாயைச் சொன்னா உனக்கு மூக்கு மேல கோவம் வருது. சிட்கோ பட்டறையில வேலை பாக்குற கையி, ஆங்கிள் இரும்பு, வெல்டு மெஷ், மேல தகரம், எல்லாம் கச்சிதம். ஆனா சித்திரை வெயில்ல தகரத்துக்கு அடியில நீ போய் ஒரு நாழி நின்னு பாரேன். பெல் கம்பெனியில செய்யிறது ஒரு பாய்லரு, கறிக்கடையில தொங்குறது ஒரு பாய்லரு, நீ ரெண்டையும் ஒண்ணாக் கட்டிட்ட. கோழிக்கு வேர்க்காதுடா. வாயைப் பொளந்து இளைக்கத்தான் தெரியும். தகரத்து மேல கீத்தைப் போடு. மத்தியானம் ரெண்டு குடம் தண்ணியை அது மேல தெளி. நீளவாக்கு கிழக்கு மேற்கா இருந்தா வெயில் உள்ள பாயாது. நீ தெக்கு வடக்கா வச்சிட்ட, இனிமே அதைத் திருப்பவா முடியும், மேக்கால ரெண்டு முருங்கைக் கொம்பை ஊனிவிடு, நெழலுக்கு நெழலு, கீரைக்குக் கீரை. அப்புறம் உள்ள குறுக்கால ஒரு மூங்கில் கட்டு. ராத்திரியில உசரத்துல உக்காந்தாத்தான் அதுக்குத் தூக்கம். டைல்ஸ் ஒட்டிக் குடுத்தா மட்டும் தூங்கிருமா?

நான் ஏன் இம்புட்டுப் பேசுறேன்னா, உன் கணக்கு நோட்டை ரகசியமாப் பாத்துட்டேன். கொட்டாய்ச் செலவு, தீனி மூட்டை, இன்குபேட்டரு, கேமரா, சேவல் ஒண்ணுக்கு மட்டும் மோட்டார் பைக்குக்கு முன்பணம் கட்டுற காசு. வரவுப் பக்கத்துல என்னடா எழுதியிருக்க? 'எதிர்பார்ப்பு'. உங்க கம்பெனியில இப்படித்தான் எழுதுவீங்களா?

எங்க காலத்துல கோழிக்குன்னு நோட்டே கிடையாது. கொல்லையில நாலு பொட்டை, ஒரு சேவல், ஒரு பஞ்சாரம். காலையில தொறந்துவிட்டா குப்பைமேட்டைக் கிளறும், மாட்டுச் சாணியைக் கிளறும், நெல்லு காயவச்ச களத்தைச் சுத்தும். பொழுது சாய நொய்யை ஒரு கை வீசி 'பா, பா, பா'ன்னா வந்து அடைஞ்சிரும். முட்டை வித்த காசு சிறுவாடு. உங்க தாத்தாவுக்கு நெல்லு எத்தனை மூட்டைன்னு தெரியும், மாடு எத்தனை படி கறக்கும்னு தெரியும். முட்டைக் காசு எங்க இருக்குன்னு சாகுற வரைக்கும் தெரியாது. உங்கம்மாவுக்குக் கம்மல் எதுல வந்துச்சுன்னு நெனைக்கிற? வாய்க்கால்ல தண்ணி வராத வருசம் நெல்லு கைவிட்டுருச்சு, கோழி விடலை. அதுக்குச் செலவே இல்லாததாலதான் அதுல லாபம். நாட்டுக்கோழி வருசத்துக்கு 3 ஈடு, 4 ஈடு முட்டை வைக்கும். எல்லாத்தையும் சேத்தா 60, 70 முட்டை தேறும். நாமக்கல்லுல கூண்டுல நிக்கிற கோழி 300-க்கு மேல வைக்குது. மூட்டைத் தீனியைக் கொட்டி, கொட்டாய்க்குள்ளயே பூட்டி வச்சு, நாட்டுக்கோழியை நாமக்கல்லோட ஓடவிட்டா யாருடா தோப்பா? கோழி தோக்காது, நீ தோப்ப. கொல்லைக்கோழியைக் கொல்லையில விட்டாத்தான் காசு. பண்ணைன்னு பேரு வச்ச அன்னைக்கே தீனிக் கடைக்காரனுக்கு நீதான் வளர்ப்புக்கோழி.

இதைச் சொன்னா 'அம்மாயி, நீ பழைய ஆளு'ங்கிற. புது ஆளுங்க பண்ணுனதையும்தான் பாத்தேனே. 2012-ல பெருந்துறைப் பக்கம் ஈமு விழுந்த கதை உனக்கு மறந்திருக்கும், உங்க பெரியப்பாவுக்கு மறக்காது. ஆள் உசரத்துக்கு ஒரு பறவை. காசைக் கட்டு, குஞ்சைத் தர்றோம், தீனியும் நாங்களே போடுறோம், மாசாமாசம் உனக்குச் சம்பளமும் நாங்களே தர்றோம்னான். வளர்க்கிறவனுக்கும் அவனே காசு குடுத்து, தீனியும் அவனே குடுத்தா, அவனுக்குக் காசு எங்கேர்ந்து வரும்னு ஒரு பய கேக்கலை. அடுத்தவன் கட்டுற காசுலேர்ந்துதான் வந்துச்சு. கட்டுறவன் நின்னதும் கம்பெனி ஓடிப்போச்சு, பறவை பட்டினி கிடந்துச்சு, கடைசியில அரசாங்கம்தான் அதுகளுக்குத் தீனி போட வேண்டியதாச்சு. சூட்டோட சூடா நாட்டுக்கோழிக்கும் அதே திட்டத்தைக் கொண்டாந்தானுங்க, அதுலயும் போய் விழுந்தாங்க. உங்க தாத்தா மட்டும் ஆரம்பத்துலயே ஈமு வேணாம்னுட்டாரு. பெரிய தீர்க்கதரிசின்னு நெனைக்காத. ஈமுவுல ஆம்பளைதான் 50 நாளுக்கு மேல உக்காந்து அடைகாக்கும்னு யாரோ சொல்லிட்டாங்க. அந்தப் பழக்கம் வீட்டுக்குள்ள வந்துருமோன்னு மனுசனுக்குப் பயம்.

இப்ப உனக்குக் கருங்கோழி ஆசை வந்திருக்கு. கடக்நாத்து. மத்தியப் பிரதேசத்துல ஜாபுவான்னு ஒரு ஜில்லா, அங்கத்துக் கோழி, எலும்பு கூடக் கருப்பு, 2018-ல புவிசார் குறியீடு வாங்கிருச்சு. எல்லாம் சரி. உங்க தல தோனியே அதுல 2,000 குஞ்சுக்கு ஆர்டர் குடுத்தாரு. என்னாச்சு? 2021 சனவரியில அங்க பறவைக் காய்ச்சல் வந்து ஆர்டர் நின்னு போச்சு. மறு வருசந்தான் குஞ்சு போய்ச் சேந்துச்சு. அவருக்கு ஒரு வருசம் தள்ளிப்போனாலும் வேற சோறு இருக்கு. உனக்கு? அந்தக் கோழிக்கு அடையில உக்கார்ற பொறுமையும் அவ்வளவாக் கிடையாது. முட்டையை வச்சிட்டு எந்திரிச்சுப் போயிரும். நம்ம ஊரு சிறுவிடைக் கோழியை வச்சு அதோட முட்டையைப் பொரிக்க வைக்கணும். கருப்புக் கோழி பேரு வாங்கும், வேலையெல்லாம் சிறுவிடை பாக்கும். வீட்டுக்கு வீடு இதுதானே.

அம்புட்டுக் காசு குடுத்து நீ வாங்குன அந்தக் கிளிமூக்கு விசிறிவால் சேவலைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். அழகுதான். மூக்கு கிளிக்கு இருக்கிறாப்புல வளைஞ்சிருக்கு, வாலு தரையில புரளுது. திண்டுக்கல்லுல கண்காட்சியே வைக்கிறாங்க, நூத்துக்கணக்குல கொண்டாந்து நிறுத்துறாங்க. ஆனா அங்க பரிசு வாங்குனா உனக்குக் கோப்பை வரும், அதுக்காகப் பொட்டை ஒரு முட்டை கூடுதலாப் போடாது. கத்தி கட்டிச் சண்டைக்கு விடுறேன்னு எவனாவது கூப்புட்டா அந்தத் திசையிலயே தலைவச்சுப் படுக்காத. கரூர்ப் பக்கம் பூலாம்வலசுச் சேவக்கட்டுல கத்தி பட்டு மனுச உசுரே போயிருக்கு.

சரி, இன்குபேட்டருக்கு வருவோம். தெர்மாகோல் பொட்டி, உள்ள ஒரு பல்பு, ஒரு காத்தாடி, வெளிய நம்பர் ஓடுற டப்பா. 37.5 டிகிரிங்கிற. நல்லாத்தான் ஓடுது. மின்வாரியத்துக்காரன் 'மாதாந்திரப் பராமரிப்புப் பணி காரணமாக'ன்னு பேப்பர்ல போடுற வரைக்கும். காலையில 9 மணிக்குப் போற கரண்டு சாயந்தரம் வருது. அதுக்குள்ள உள்ள இருக்கிறது குஞ்சா, கூமுட்டையான்னு முருகனுக்குத்தான் தெரியும். பேட்டரி போடுறேன், இன்வெர்ட்டர் போடுறேன்னு அடுத்த செலவுக்கு நோட்டைத் தொறக்கிற. ஏன்டா, கொல்லையில கரண்டே வேணாத மிஷின் 'கொக் கொக்'குன்னு கத்திக்கிட்டு நிக்குதே, கண்ணு தெரியலையா?

அடை வைக்கிறதைச் சொல்றேன், கேட்டுக்க. கோழி கூட்டை விட்டு எந்திரிக்காம, கிட்டப் போனா மயிரைச் சிலுப்பிக்கிட்டுக் கொத்த வந்தா அதுக்கு அடைக்கிறுக்குப் பிடிச்சிருச்சுன்னு அர்த்தம். அதை நீ 'சிக்காயிருச்சு'ன்னு வாட்ஸப்புல போட்டு மருந்து கேட்ட பாரு, நானும் உங்கம்மாவும் சிரிச்சு மாளலை. ஒரு அகலக் கூடையில மணலையும் சாம்பலையும் கலந்து கொட்டு. மேல வைக்கோலைப் பிரிமணையாச் சுத்தி நடுவுல குழி விடு. சாம்பல் கோழிச்செள்ளை அண்டவிடாது. செள்ளு ஏறுனா எப்பேர்ப்பட்ட தாய்க்கோழியும் அடையை விட்டு எந்திரிச்சு ஓடிரும். முட்டை ஒரு வாரத்துக்கு மேல பழசா இருக்கக் கூடாது. பிரிட்ஜுல வச்சது ஆம்லெட்டுக்குத்தான் ஆகும். ரொம்பப் பெருசு, ரொம்பச் சிறுசு, ஓடு கோணினது எல்லாத்தையும் ஒதுக்கிரு. 10, மிஞ்சிப்போனா 12. கோழியோட நெஞ்சுக்கு அடியில அடங்கணும், அதுதான் அளவு. பேராசைப்பட்டு 16 வச்சியின்னா ஓரத்துல இருக்கிறது மாறி மாறிக் குளுந்து எல்லாமே கெட்டுப் போகும். ராத்திரியில, வெளக்கு இல்லாம, கோழியைத் தூக்கி மெதுவா முட்டை மேல விடு. ஒவ்வொரு முட்டையையும் மூக்காலயே உருட்டித் தனக்கடியில இழுத்துக்கும். ஒரு நாளைக்கு எத்தனை வாட்டி உருட்டுதுன்னு உன் டப்பாவால கூட எண்ண முடியாது.

ஏழாம் நாள் ராத்திரி முட்டையை டார்ச் வெளிச்சத்துல பிடிச்சுப் பாரு. உள்ள செவப்பா நரம்பு ஓடி நடுவுல ஒரு புள்ளி துடிச்சா கரு இருக்கு. வெட்டவெளியாத் தெரிஞ்சா எடுத்துரு. கூடைக்குள்ள ஒரு இரும்புத் துண்டும் அடுப்புக்கரியும் காஞ்ச மிளகாயும் போடுவோம், இடி இடிச்சா முட்டை கலங்கக் கூடாதுன்னு. நீ சிரிப்ப, சிரிச்சுக்க. ஊரு பூரா வெல்டரு, இரும்புக்கா பஞ்சம்? போட்டா என்ன கொறைஞ்சு போகுது? 21-ஆம் நாள் ஓட்டுக்குள்ளேர்ந்து 'கிய்'யின்னு சத்தம் கேக்கும். அப்ப நீ உதவி பண்றேன்னு ஓட்டை உரிக்கப் போயிராத. போன தடவை உரிச்சு ரெண்டு குஞ்சு ரத்தம் வந்து செத்துச்சுல்ல. அதுக்கு அதோட அவசரம் தெரியும்.

அன்னைக்கு ஒரு வேலை மட்டும் உன்னுது. எறும்பு. திருவெறும்பூர்ல தேவருங்கல்லாம் எறும்பா மாறிப் போய்ச் சிவனைக் கும்பிட்டாங்கன்னு எறும்பீசுவரர் கோயிலே இருக்கு. கோயில் வரைக்கும் கும்பிட்டுக்கலாம். பொரிக்கிற கூடைக்குள்ள வந்தா, ஓட்டு வெடிப்புல நொழைஞ்சு ஈரக் குஞ்சோட கண்ணைத் தின்னுரும். கூடையை முக்காலி மேல ஏத்தி, மூணு காலையும் தண்ணிக் கிண்ணத்துல நிறுத்து. தேவரா இருந்தாலும் நீந்திட்டு வரட்டும்.

குஞ்சு வந்த பிறகு மூட்டைத் தீனிக் கடைக்கு ஓடாத. ஒரு ஒடைஞ்ச பானையை எடு. கிழிஞ்ச சாக்கு, காஞ்ச சாணி, ஓலைத் துண்டு, கந்தல், கையில கிடைச்சதை உள்ள அடைச்சு, தண்ணியைத் தெளிச்சு, பொழுது சாய மண்ணுல குப்புறக் கவுத்துரு. கல்லும் கரம்புமா இருக்கிற நம்ம மேட்டுக் கொல்லையில கரையானுக்கா கொறைச்சல்? விடிஞ்சு பானையைத் தூக்குனா சாக்கு பூரா வெள்ளையா நெளியும். குஞ்சுங்களுக்கு நடுவுல அதை ஒதறிவிட்டு நீ தள்ளி நின்னு பாரு. கண்ணு தொறந்து மூணு நாள் ஆகாத பொடிசு, கரையானைக் கவ்விக்கிட்டு ஓட, ஒம்போது அதைத் தொரத்த, தாய்க்கோழி நடுவுல நின்னு கத்த, அரை மணி நேரம் உன் ஐ.பி.எல்லு தோத்துரும். காசு இல்லாத புரதம்னு கொட்டப்பட்டுல டாக்டரம்மாவே சொல்லிக் குடுத்தா. அங்க கோழிப்பண்ணை ரோட்டுல கால்நடைப் பல்கலைக்கழகத்துப் பயிற்சி மையம் இருக்கு, எங்க மகளிர் குழுவைக் கூட்டிட்டுப் போனாங்க. இந்தப் பானையை அவங்க படம் போட்டுக் காட்டுனப்ப எங்களுக்கெல்லாம் சிரிப்பு. எங்கள்ட்டேர்ந்து கத்துக்கிட்டுப் போய் எங்களுக்கே பாடம் எடுத்தாங்க. நல்லாத்தான் எடுத்தாங்க. அசோலா அங்கதான் தெரிஞ்சுக்கிட்டேன். பாயை விரிச்சுத் தண்ணி கட்டி வளக்கிறது, கோழி அள்ளித் திங்கும். தண்ணித் தட்டுல கோலிக்குண்டு போட்டு வைக்கச் சொன்னதும் அவங்கதான், குஞ்சு உள்ள விழுந்து நனையாம குடிக்கும்.

இப்ப சிரிக்காம ஒண்ணு கேளு. வெள்ளைக்கழிச்சல். அதுக்கு மட்டும் கஞ்சத்தனம் பண்ணாத. வடக்க ராணிகேத்துன்னு ஒரு மலையூரு, 1920-கள்ல இந்த நோவை நம்ம நாட்டுல முதல்ல அங்கதான் கண்டாங்களாம், அந்த ஊருப் பேரையே வச்சுட்டாங்க. பச்சையும் வெள்ளையுமாக் கழியும், றெக்கை தொங்கும், தூங்கி வழியும், தப்பிப் பொழைச்சது கழுத்தைத் திருகிக்கிட்டுச் சுத்தும். வெள்ளிக்கிழமை வந்தா ஞாயித்துக்கிழமைக்குக் கொல்லை காலி. வந்த பிறகு மருந்தே கிடையாது. சின்ன வெங்காயம், சீரகம், மஞ்சள், கீழாநெல்லி அரைச்சு உருட்டிக் குடுப்போம், குடு, உடம்புக்குத் தெம்பு. அதுவே வைரஸைக் கொன்னுரும்னு யூடியூப்புல மைக்கைப் பிடிச்சிட்டு ஒருத்தன் பேசுறானே, அவன் கொட்டாயைப் போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு. 7-ஆம் நாள் கண்ணுல ஒரு சொட்டு. 8-ஆவது வாரம் றெக்கைக்கு அடியில ஊசி. ஐஸுல வச்சுக் கொண்டாந்து, வெயிலுக்கு முந்திப் போட்டுரணும். வருசா வருசம் பிப்ரவரியில கால்நடைத்துறைக்காரங்க ஊருக்கே வந்து முகாம் போட்டுச் சும்மா போட்டுவிடுறாங்க. சும்மா குடுக்கிறதுன்னு நம்மாளுக கோழியைத் தொறந்துவிட்டுட்டு டீக்கடைக்குப் போயிர்றாங்க. ஊசிக்காரரு மரத்து மேல ஏறியா கோழி பிடிப்பாரு? முந்தின ராத்திரியே பஞ்சாரத்துல கவுத்து வை.

அதை விடப் பெரிய கூத்து, நோவு வந்ததும் நடக்கும். செத்தது போக மிச்சத்தைச் சந்தைக்குக் கொண்டுபோய்ப் பாதி விலைக்குத் தள்ளுவான். ஒருத்தன் அடிச்சுக் கொழம்பு வச்சுட்டு மயிரையும் கொடலையும் வாய்க்கால்ல விடுவான். ஒருத்தி சம்பந்தி வீட்டுக்குச் சீரா எடுத்துட்டுப் போவா. மூணு நாள்ல வாழவந்தான்கோட்டை வரைக்கும் நோவு போயிரும், நம்ம உபயம். நீ அந்த வேலையைச் செய்யாத. செத்ததைக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் பொதை. புதுசா வாங்குன கோழியை ரெண்டு வாரமாவது தனியா வை. புது மருமகளைக் கூட நாம அப்படித்தானே வச்சுப் பாக்குறோம்.

சேவலை மாத்துறியான்னு நான் கேக்க நெனைச்சேன். ஒரு சேவலுக்கு 8, 10 பொட்டை போதும். ஆனா அதே சேவல்தான் பொட்டைக்கும், பொட்டையோட மகளுக்கும், பேத்திக்கும்னு விட்டுட்டு, குஞ்சு சோணியாப் பொறக்குது, முட்டை பொரிக்கலைன்னு நாமக்கல்லு டாக்டருக்குப் போன் போடுற. ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா உன் சேவலை அசூர்க்காரனுக்குக் குடுத்துட்டு அவன் சேவலை வாங்கிக்க. விலைக்கு வேணாம், மாத்துக்கு மாத்து. கோழியிலயாவது சொந்தத்துக்குள்ள கட்டாம இருப்போம்.

கோழியோட நிறுத்தமாட்ட, எனக்குத் தெரியும். காடைங்கிற, வான்கோழிங்கிற. காடை நல்லதுதான். 5 வாரத்துல கறிக்கு ஆயிரும், 7 வாரத்துல முட்டை. கோழிக்கு வேணுங்கிற எடத்துல ஒரு மூலை போதும். ஆனா கூண்டுக் காடைக்கு அடைகாக்கவே மறந்து போச்சு, அங்க உன் தெர்மாகோல் பொட்டிக்கு வேலை உண்டு, 17, 18 நாள். சப்பான் காடைதான் வாங்கணும். கண்ணி வச்சுப் பிடிச்ச காட்டுக் காடை, கவுதாரின்னு எவனாவது கொண்டாந்தா வாங்கிராத. பச்சைக்கிளியும் அப்படித்தான், 1972-ஆம் வருசத்துச் சட்டம் இருக்கு, வனத்துறை வந்து கூண்டோட கூட்டிட்டுப் போவாங்க, கிளியையும் சேத்து.

வான்கோழிக் குஞ்சு மாதிரி ஒரு மக்கை நான் பாத்ததில்ல. தட்டு நெறையத் தீனி இருக்கும், அதுக்கு நடுவுலயே நின்னுக்கிட்டுப் பட்டினியாச் செத்துப்போகும். எது சோறுன்னே தெரியாது. கலர் கோலிக்குண்டைத் தீனியில போட்டு வச்சா மினுமினுப்பைக் கொத்தப் போயித் தீனியையும் கொத்திப் பழகும். இல்லாட்டி நாட்டுக்கோழிக் குஞ்சு ரெண்டைக் கூட விடு, வாத்தியாரா. நீ என்.ஐ.டி.யில சேந்த முத வருசம் உன்னை மெஸ்சுக்கு யாரோ கூட்டிட்டுப் போனாங்கல்ல, அந்த வேலைதான். கின்னிக்கோழி ரெண்டு வாங்கி விடு, அது கறிக்கு இல்ல. பாம்பு வந்தாலும், பூனை வந்தாலும், உங்க சித்தப்பா கடன் கேட்டு வந்தாலும் ஊரே எந்திரிக்கிற அளவு கத்தும். புறா வேணாம்னு சொல்லமாட்டேன். ரெண்டு முட்டை, ஆணும் பொண்ணும் மாத்தி மாத்தி அடை, தொண்டைப் பையிலேர்ந்து பால் ஊறி ரெண்டுமே ஊட்டும். உன் பொண்டாட்டி கண்ணுல படுற எடத்துல மட்டும் கூண்டை வைக்காத. அப்புறம் தொட்டில் ஆட்ட உன்னைக் கூப்புடுவா.

விக்கிறதுக்கு வழி நான் சொல்றேன். கைலாசபுரம் குவார்ட்டர்ஸுலயும் ஸ்ரீரங்கத்து அப்பார்ட்மெண்டுலயும் நாட்டுமுட்டைன்னா ரெண்டு மடங்கு குடுப்பாங்க. பயலுக வெள்ளை முட்டையை டீத்தண்ணியில ஊறவச்சு நாட்டுமுட்டைன்னு விக்கிறானுங்க. நீ அந்தப் பக்கம் போகாத, நமக்கு நெசமான முட்டையே இருக்கு. சத்து ரெண்டுலயும் ஏறக்குறைய ஒண்ணுதான், மஞ்சக்கருவுக்கு நெறம் தீனியாலதான் வருதுன்னு டாக்டரம்மா சொன்னா. கேட்டா மறைக்காதே. கேக்காதவங்க வாசப்படியில நின்னுக்கிட்டு லெக்சர் எடுக்கவும் எடுக்காதே. ருசிக்குக் குடுக்கிறாங்க, சின்ன வயசுல பாட்டி வீட்டுல தின்ன ஞாபகத்துக்குக் குடுக்கிறாங்க. அதுக்கு விலை போடக் கூடாதுன்னு எந்தச் சட்டமும் இல்ல.

இப்ப வா விசயத்துக்கு. என் சாம்பக்கோழி ரெண்டு நாளாக் கூட்டை விட்டு எந்திரிக்க மாட்டேங்குது. மாசி மாசம், நல்ல பருவம், வெயில் ஏறுறதுக்குள்ள குஞ்சு தேறிரும். உனக்கு அதை வாரத்துக்கு, அதான் பங்குக்குத் தர்றேன். கோழி என்னுது, முட்டை என்னுது, கூடையும் என்னுது. காவலும் கரையான் பானையும் ஊசியும் உன்னுது. குஞ்சு ஆளாகி நின்னதும் பாதிக்குப் பாதி. ஒத்தப்படையா வந்தா மிஞ்சின ஒண்ணு தாய்க்கோழிக்காரிக்கு, அதுதான் ஊர் வழக்கம். பொட்டையை நான் முதல்ல பொறுக்குவேன், அதுவும் ஊர் வழக்கம்தான், இப்பத்தான் ஞாபகம் வந்துச்சு. பருந்து தூக்குனதும் பூனை தின்னதும் உன் பங்குல கழியும். அடை முடிஞ்சதும் தாய்க்கோழியைக் கொண்டாந்து விட்டுரணும், வெறுங்கையோட வராத, கொஞ்சம் வெத்தலை வாங்கிட்டு வா. கணக்கை நானே வாயால வச்சுக்கிறேன். நீ படிச்சவன், நோட்டுல எழுதினா தப்பாப் போட்டுருவ.